கம்ப்யூட்டர் எப்படிக் காய் நகர்த்துகிறது?

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் சென்னைப் பையன் குகேஷ், சீனாவின் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்தக் கடைசி ஆட்டத்தை டாலிகஞ்சில் எங்கள் வீட்டிலும் பார்த்தோம். டிங் 55-ஆவது நகர்த்தலாக யானையை நகர்த்தியதுதான் தாமதம், திரையோரத்தில் வெள்ளைப் பட்டை சரிந்துவிட்டது. "கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படி தாத்தா உடனே தெரியுது?" என்றான் பேரன். ரயில்வேயில் காலம் தள்ளிய டிப்ளமாக்காரன் நான். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் உண்டு. கறுப்பும் ஆடினால் 400 வழிகள். ஆளுக்கு இரண்டு முறை ஆடுவதற்குள் 1,97,281! 1997-இல் காஸ்பரோவைத் தோற்கடித்த ஐபிஎம்மின் டீப் ப்ளூ, விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. அதனாலும் எல்லாவற்றையும் பார்த்து மாளாது.

ஆகவே கம்ப்யூட்டர் வெட்டித் தள்ளுகிறது. ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் பலமான பதில் ஒன்று கிடைத்து, முன்பு பார்த்து வைத்த நகர்த்தலைவிட இது மோசம் என்று தெரிந்துவிட்டால் போதும். அவருடைய மற்றப் பதில்களைப் பார்ப்பதில்லை. பாலம் உடைந்த லைனில் அடுத்த ஸ்டேஷன்களை யார் விசாரிப்பார்கள்? இதற்கு ஆல்ஃபா-பீட்டா என்று பெயர். நல்ல நகர்த்தலை முதலில் பார்த்தால் வெட்டும் அதிகம்.

தேடல் நிற்கும் இடத்தில் மதிப்புப் போட வேண்டும். சிப்பாய் 1, குதிரை, பிஷப் 3, யானை 5, ராணி 9. ராஜாவின் பாதுகாப்புக்குத் தனிக் கணக்கு. முன்பு இவற்றை மனிதர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2020 முதல் ஸ்டாக்ஃபிஷ் புரோகிராமில், கோடிக்கணக்கான நிலைகளைக் கொண்டு பழக்கிய நியூரல் நெட்வொர்க் இந்த வேலையைச் செய்கிறது.

டிங்கின் நகர்த்தலுக்கு வருவோம். அதற்கு முன் குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப் வெட்டுப்பட்ட பிறகும் அதே ஒரு சிப்பாய்தான் அதிகம். காய்களை எண்ணினால் வித்தியாசமே தெரியாது! ஆனால் பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் அந்த ஒரு சிப்பாய் ராணியாகிவிடும். வெட்டு நடக்கிற பாதியில் கணக்கை நிறுத்தாமல், எல்லாம் அடங்கும்வரை போய்ப் பார்ப்பதால் கம்ப்யூட்டருக்கு இது தெரிந்தது.

குகேஷுக்கு? வேறு நகர்த்தல் ஆடவிருந்தாராம். அப்போதுதான் டிங்கின் பிஷப் மூலையில் மாட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்ததாகப் பிறகு சொன்னார். யானையை வெட்டி, தன் பிஷப்பை எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். 58-ஆவது நகர்த்தலோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.