தண்ணீர்ப் பந்தலும் தகவல் பந்தலும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மலைச்சரக்குக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். பகலெல்லாம் மிளகு, சுக்கு, ஏலம். இரவில் எனக்கு வேறொரு உத்தியோகம் உண்டு, சம்பளம்தான் கிடையாது! உடனுக்குடன் செய்தி அனுப்பிக்கொள்ள உதவும் பொது சர்வர் ஒன்றை நடத்தி வருகிறேன். "வாட்ஸ்அப் இருக்கும்போது உனக்கெதற்கு இந்த வேலை?" என்று சங்கத்து அன்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கான பதிலே இக்கட்டுரை.

மின்னஞ்சலை எண்ணிப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு நிறுவனத்தில் இருப்பவருக்குத் தாராளமாக எழுதலாம். வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமுக்கு அப்படி எழுத முடியாது. உடனடிச் செய்தியும் மின்னஞ்சல் போலத் திறந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1998-இல் ஜெரமி மில்லர் என்ற அமெரிக்கர் தொடங்கியதுதான் 'ஜாபர்'. 2004-இல் எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் அதன் விதிமுறைகள் இணையத்துக்குப் பொதுவாக வெளியிடப்பட்டன. யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம். ஒரு சர்வர் மற்றொன்றோடு பேசலாம். 2006 முதல் 'கூகுள் டாக்'கும் இப்படி வாசலைத் திறந்து வைத்திருந்தது. 2013-இல் 'ஹேங்அவுட்ஸ்' வந்தபின் அந்தக் கதவு படிப்படியாக அடைக்கப்பட்டது.

ஏழெட்டு நண்பர்களுக்காகவே நான் இதைத் தொடங்கினேன். 'பிரோசடி' என்ற இலவச மென்பொருள். மாத வாடகைக்கு ஒரு சிறிய சர்வர். அவ்வளவுதான் முதலீடு. 2021 அக்டோபர் 4 இரவு, வாட்ஸ்அப் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று எங்கள் சர்வர் நிற்காமல் ஓடியது. அந்தப் பெருமையில், "யாரும் வரலாம்" என்று கதவை அகலத் திறந்துவிட்டேன்.

வந்தவர்களில் ஒருவர் எங்கள் தெரு மாமி. மகனுக்குக் கப்பலில் வேலை. அவன் கணக்கு வெளிநாட்டு சர்வர் ஒன்றில். இரவு அவனிடமிருந்து நாலு வரி வந்தால்தான் மாமிக்குத் தூக்கம்.

திறந்த கதவு வழியே வேறு சிலரும் வந்தார்கள். அடுத்த மார்ச்சில், வருஷக் கணக்கு முடிக்கும் மும்முரத்தில் பத்து நாள் நான் சர்வர் பக்கமே போகவில்லை. அதற்குள் நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகள்! எல்லாம் எந்திரங்கள் உண்டாக்கியவை. அவை ஊருலகத்துக்கெல்லாம் விளம்பரக் குப்பையை வீசின. பிற சர்வர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் சர்வரையே விலக்கி வைத்தார்கள். அவர்கள் செய்தது நியாயம்தான்.

மாமி கடைக்கே வந்துவிட்டார். "ஏண்டாப்பா, மூணு நாளா குழந்தை ஒண்ணும் எழுதலையே... கப்பலுக்கு ஏதாவது..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. "கப்பலுக்கு ஒன்றுமில்லை மாமி, தப்பு என்னுடையது" என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

அன்றிரவே போலிக் கணக்குகளை நீக்கினேன். ஒவ்வொரு சர்வர்க்காரருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஒரு வாரத்தில் வழி திறந்தது. இப்போது யாரும் கணக்குக் கேட்கலாம். ஆனால் என்னோடு இரண்டு வார்த்தை பேசிய பிறகே கிடைக்கும்.

இதில் அன்றாட வேலை என்ன என்கிறீர்களா? பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகாமல் புதுப்பிக்க வேண்டும். மென்பொருளில் ஓட்டை தெரிந்தால் உடனே அடைக்க வேண்டும். படங்கள் சேர்ந்து இடம் நிரம்பாமல் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். 'ஓமெமோ' என்ற பூட்டைப் போட்டு அனுப்பும் செய்தியை என்னால் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார் என்பது சர்வர் நடத்துபவனுக்குத் தெரியும். அதை வெளியே விடாமல் காப்பதும் என் பொறுப்பே.

இத்தனையும் ஒருவன் தோளில் இருப்பது நல்லதல்ல என்பதே நான் கற்ற பாடம். நம் நாட்டில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் 'பிராவ்' என்ற எக்ஸ்.எம்.பி.பி. சேவையைக் கூட்டுறவு முறையில் நடத்த முனைந்திருக்கிறார்கள். மலையாளத்தில் பிராவ் என்றால் புறா. தூது போகும் பறவைக்குப் பலர் சேர்ந்து இரை வைப்பதுதானே முறை?

சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் திறந்து வைப்பது எளிது. பானை காலியாகாமல் பார்ப்பதும், தம்ளரைக் கழுவி வைப்பதும்தான் தர்மம். எனக்கும் ஒரு நாள் ஜுரம் வரும். மறுபடியும் மார்ச் மாதம் வரும். நம் சங்கத்து இளைஞர்கள் இருவர் முன்வந்தால் சாவியைப் பகிர்ந்துகொள்ளக் காத்திருக்கிறேன். மாமி தினமும் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.