திசை மாறும் ஆறு

(இளம் அறிவியல், விலங்கியல் – இரண்டாம் ஆண்டு)

"ஆறு எங்கேயாவது வந்த வழியே திரும்பி ஓடுமா?" ஊர் ஏரியில் வலை வீசி என்னைப் படிக்க வைக்கும் என் தந்தை கேட்ட கேள்வி இது. நூலகத்தில் படித்ததை ஆவலோடு கூறியபோது அவர் நம்பவில்லை. அவருக்கு விளக்கியதையே இங்கு எழுதுகிறேன்.

திபெத்துப் பீடபூமியில் பிறக்கும் மீகாங் ஆறு, நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வியட்நாமில் கடலோடு கலக்கிறது. வழியில், கம்போடியாவின் தலைநகரான புனோம்பென்னில் டோன்லே சாப் என்னும் ஆறு அதனோடு சேருகிறது. அவ்வாற்றின் மறுமுனையில் அதே பெயருடைய பெரிய ஏரி உள்ளது.

கோடையில் ஏரிநீர் இவ்வாற்றின் வழியே மீகாங்கில் வடிகிறது. பருவமழையில் மீகாங் பெருகி, ஏரியைவிட அதன் நீர்மட்டம் உயர்ந்துவிடுகிறது. உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்திற்குச் செல்வது நீரின் இயல்பு அன்றோ? எனவே டோன்லே சாப் திசை மாறி ஏரியை நோக்கி ஓடுகிறது! கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரி, 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. மழை ஓய்ந்ததும் நீர் மீண்டும் மீகாங்கிற்குத் திரும்புகிறது.

இந்த வெள்ளத்தில்தான் அம்மக்களின் வாழ்வு அடங்கியுள்ளது. கரையோரக் காடுகள் நீரில் மூழ்க, மீன்குஞ்சுகள் அங்கே இரை தேடி வளர்கின்றன. நீர் வடியும்போது மீன்கள் கூட்டமாக ஆற்றில் இறங்குகின்றன. மக்கள் பை போன்ற பெரிய வலைகளைக் கட்டிப் பிடிக்கின்றனர். அவற்றுள் ஒரு சிறு மீனின் பெயர் ரியெல். அந்நாட்டு நாணயத்தின் பெயரும் அதுவே! மீனை உப்பிட்டுப் புளிக்க வைத்த 'பிரஹோக்' ஆண்டு முழுவதும் சோற்றுக்குத் துணை. கெமர், சாம், வியட்நாமிய மக்கள் ஏரியோரம் வாழ்கின்றனர். மிதக்கும் வீடுகளில் வசிப்போர், நீர் ஏறி இறங்குவதற்கேற்ப வீட்டையே இழுத்துச் செல்கின்றனர்.

ஆனால் 2019-லும் 2020-லும் ஆறு திரும்புவது தாமதமாயிற்று. ஏரிக்கு வந்த நீரும் குறைந்தது. மழைக்குறைவு ஒரு காரணம். சீனாவிலும் லாவோஸிலும் கட்டப்பட்ட மின்சார அணைகள் மற்றொரு காரணம். அவை மழைக்கால நீரைத் தேக்கிக் கோடையில் விடுவதால் வெள்ளத்தின் உயரம் குறைகிறது.

வெள்ளத்தைத் தடுப்பது அணையின் பயன் என்று எழுதிப் பள்ளியில் மதிப்பெண் வாங்கியவன் நான். என் தந்தை பள்ளிக்கூடம் போனதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏரிக்குத் தண்ணி வராத வருஷம் நம்ம வீட்டுல எப்படியோ, அப்படித்தான் அங்கேயும்" என்றார். எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு எளிதாக விளக்கியதில்லை.