பந்தயத்துக்காகப் பிறந்த சுந்தரி

பணம் இருந்தால் எதையும் வாங்கிவிடலாம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவிலே ஒரு கோடீசுவரருக்குப் பணம் ஏராளமாக இருந்தது. அவர் ஆசைப்பட்டதோ ஒரே ஒரு வெற்றிக்கு. அதற்காக ஒரு தொழிற்சாலை வைத்தார், என்ஜின் வாங்கினார், இத்தாலியிலிருந்து அழகையும் தருவித்தார். வெற்றி மட்டும் கடைசி வரையில் கைக்கு எட்டவில்லை! ஆனால் அந்த முயற்சியில், யாரும் முக்கியமாக நினைக்காத ஒரு மோட்டார் கார் பிறந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த அபூர்வமான கார்களில் ஒன்றாக இன்று அதைப் போற்றுகிறார்கள். அதன் பெயர் கன்னிங்ஹாம் ஸி-3.

பிரிக்ஸ் ஸ்விப்ட் கன்னிங்ஹாம் 1907-ல் சின்சினாட்டி நகரில், செல்வத்தில் புரளும் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருக்கு இரண்டு மோகங்கள். ஒன்று பாய்மரப் படகு. மற்றொன்று மோட்டார் பந்தயம்.

பிரான்ஸ் தேசத்தில் லெ மான் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நடக்கும் பந்தயத்தை மோட்டார் உலகின் மகாமகம் என்றே சொல்லலாம். சனிக்கிழமை பிற்பகல் புறப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வரையில், இரவெல்லாம் கண் விழித்து, 24 மணி நேரம் ஓட்டவேண்டும். அந்நாட்களில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினார்கள். இதிலே அமெரிக்கர்கள், அமெரிக்கக் காரில், ஜெயிக்க வேண்டும் என்பதுதான் கன்னிங்ஹாமின் கனவு.

மிருகமும் நாய்க்குட்டியும்

1950-ஆம் வருஷம் இரண்டு காடிலாக் வண்டிகளுடன் அவர் லெ மானுக்குப் போய் இறங்கினார். ஒன்று, கடைத்தெருவிலே ஓடும் சாதாரணப் பெரிய கார். மற்றொன்றுக்கு, காற்றைக் கிழித்துச் செல்லவேண்டும் என்று தட்டையாக, பெட்டி மாதிரி ஒரு புதிய உடல் செய்து மாட்டியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், 'மிருகம்' என்று பெயரிட்டார்கள். சாதாரணக் காருக்கும் ஒரு செல்லப் பெயர் கிடைத்தது. தத்தித் தத்தி நடக்கும் நாய்க்குட்டி என்பது அதன் பொருள்.

'மிருக'த்தை ஓட்டியவர் கன்னிங்ஹாமேதான். பந்தயம் தொடங்கிச் சிறிது நேரத்துக்கெல்லாம் அது மணல் மேட்டில் போய்ச் சொருகிக்கொண்டது. பிறர் கை கொடுக்கக் கூடாது என்பது விதி. கோடீசுவரர் தாமே மணலைத் தோண்டி வண்டியை மீட்டார். ஆனாலும் 'நாய்க்குட்டி' 10-வதாகவும், 'மிருகம்' 11-வதாகவும் வந்து சேர்ந்தபோது, சிரித்தவர்களே கை தட்டினார்கள்.

நாய்க்குட்டியை ஓட்டியவர்கள் ஸாம் காலியர், மைல்ஸ் காலியர் என்ற சகோதரர்கள். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே வருஷம் செப்டம்பரில், நியூயார்க் ராஜ்யத்தில் வாட்கின்ஸ் கிளென் என்ற இடத்தில் நடந்த பந்தயத்தில், கன்னிங்ஹாமின் பெராரி காரை ஓட்டிய ஸாம் விபத்தில் உயிரிழந்தார்.

விதி செய்த விந்தை

இரவல் வண்டியில் லெ மானை ஜெயிக்க முடியாது, சொந்தமாகவே வண்டி செய்யவேண்டும் என்று கன்னிங்ஹாம் தீர்மானித்தார். புளோரிடாவில் வெஸ்ட் பாம் பீச் என்ற ஊரில் தொழிற்சாலை எழும்பியது. வெள்ளை வர்ணம், நடுவே நீலப் பட்டைகள். இதுதான் அவருடைய பந்தயக் கார்களின் அடையாளம்.

இங்கேதான் ஒரு விதி குறுக்கிட்டது. பந்தயத்துக்கு மட்டும் இரண்டு மூன்று வண்டி செய்துகொண்டு வருகிறவரைத் 'தயாரிப்பாளர்' என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பொதுமக்கள் வாங்கி ஓட்டக்கூடிய கார்கள் 25 ஆவது செய்யவேண்டும்! ஆக, லெ மானுக்குள் நுழைய ஓர் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அந்தச் சீட்டுத்தான் ஸி-3.

புளோரிடாவிலேயே 25 உடல்களையும் கையால் செய்து முடிப்பதென்றால் பந்தய வேலை நின்றுபோகும். ஆகவே கன்னிங்ஹாம் இத்தாலியை நாடினார். டூரின் நகரில் ஆல்பிரெடோ விக்னாலே என்பவரின் பட்டறை அப்போது பெராரி கார்களுக்கு உடல் கட்டிப் புகழ் பெற்றிருந்தது. அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர் ஜியோவன்னி மிக்கலோட்டி.

இந்த மிக்கலோட்டியை நம்மவர்களுக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. பின்னாளில் இங்கிலாந்தின் டிரையம்ப் கம்பெனிக்காக 'ஹெரால்டு' காரை வரைந்தவர் அவரே. அதுதான் 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் உற்பத்தியாகி, டாக்டர்களையும் வக்கீல்களையும் சுமந்துகொண்டு நம் தெருக்களில் ஓடிற்று. ஸி-3-இன் தூரத்து உறவினர் நம் ஊரிலும் இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்!

கடல் தாண்டிய கல்யாணம்

ஸி-3 உருவான விதமே ஒரு கதை. அடிச்சட்டமும் என்ஜினும் புளோரிடாவில் தயாராகும். அவற்றைக் கப்பலில் ஏற்றி அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து இத்தாலிக்கு அனுப்புவார்கள். அங்கே தொழிலாளர்கள் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி உடல் செய்து மாட்டுவார்கள். பிறகு மறுபடியும் கப்பல்; மறுபடியும் புளோரிடா; அங்கே கடைசி வேலைகள்.

என்ஜின் அசல் அமெரிக்கச் சரக்கு. கிரைஸ்லர் கம்பெனியின் எட்டு சிலிண்டர் என்ஜின்; கொள்ளளவு ஏறக்குறைய 5.4 லிட்டர். பெட்ரோல் எரியும் அறைகளின் மேற்கூரை பாதிக் கோளம் போல் குழிந்திருக்கும். அந்த அமைப்பினால் பெரிய வால்வுகளை வைக்க முடிந்தது. என்ஜின் தாராளமாக மூச்சு விட்டது. நான்கு கார்புரேட்டர்களைப் பொருத்தி, ஸி-3-ல் 220 குதிரைச் சக்தி பெற்றார்கள்.

உடலோ முழுக்க முழுக்க இத்தாலிய நளினம். நீண்ட மூக்கு, முட்டை வடிவில் திறந்த வாய், பின்பக்கம் அலைபோல் சரிந்து இறங்கும் கூரை. டெட்ராயிட் நகரத்துக் கார்கள், கல்யாண வீட்டுச் சம்பந்தி அம்மாள் மாதிரி, உடம்பெல்லாம் பளபளக்கும் குரோமிய நகைகளைப் பூட்டிக்கொண்டு நின்ற காலம் அது. அவற்றின் பக்கத்தில் ஸி-3, ஒற்றை வடச் சங்கிலியோடு வந்து நிற்கும் அழகி போல் இருந்தது.

விலை? பத்தாயிரம் டாலரை ஒட்டி. 1953-ல் வெளிவந்த கொர்வெட் என்ற புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஏறத்தாழ 3,500 டாலருக்குக் கிடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி விற்றும், ஒவ்வொரு ஸி-3-லும் கன்னிங்ஹாமுக்கு நஷ்டமே. மூடிய கூரையும் திறந்த கூரையுமாகச் சேர்த்து ஏறத்தாழ 25 வண்டிகளோடு உற்பத்தி நின்றுவிட்டது.

எட்டாத கனி

பந்தயத்தில் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்பது நியாயம். 1951-ல் முதல் கன்னிங்ஹாம் கார்கள் லெ மானில் இறங்கின. ஜான் பிட்ச், பில் வால்டர்ஸ் இருவரும் ஓட்டிய வண்டி பல மணி நேரம் இரண்டாவதாக ஓடியது. இருவருமே இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட விமானிகள், பயம் அறியாதவர்கள். ஆனால் பெட்ரோலின் தரம் என்ஜினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 18-வது இடம்தான் மிஞ்சியது. 1952-ல் பில் ஸ்பியருடன் சேர்ந்து ஓட்டிய கன்னிங்ஹாம், பந்தயத்தின் பெரும்பகுதியைத் தாமே ஓட்டி நான்காவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 45!

1953 மார்ச்சில், புளோரிடாவில் செப்ரிங் என்ற இடத்தில் நடந்த 12 மணி நேரப் பந்தயத்தில் பிட்ச், வால்டர்ஸ் ஜோடி முதலாவதாக வந்தது. உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன் பட்டத்துக்கான முதல் பந்தயமே அதுதான். அதை ஓர் அமெரிக்கக் கார் ஜெயித்தது!

'இந்த வருஷம் லெ மானும் நமதே' என்று நம்பிக்கை பொங்கியது. ஜூன் மாதம் நேர்ச்சாலையில் கன்னிங்ஹாம் கார் மணிக்கு 150 மைலுக்கு மேல் பறந்தது. ஆனால் இங்கிலாந்தின் ஜாகுவார்கள் ஒரு புது வித்தையோடு வந்திருந்தன. அதுதான் டிஸ்க் பிரேக். சூடேறி வலுவிழக்கும் பழைய டிரம் பிரேக்கை நம்பியவர்கள் வளைவுக்கு வெகு தூரம் முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜாகுவார் ஓட்டியவர்களோ கடைசி விநாடியில் பிரேக்கை மிதித்தார்கள். வேகமாக ஓடுவது மட்டும் வேகம் ஆகாது, வேண்டியபோது நிற்கத் தெரிவதும் வேகம்தான் என்பது அன்று நிரூபணமாயிற்று. முதல் இரண்டு இடங்கள் ஜாகுவாருக்கு, மூன்றாவது கன்னிங்ஹாமுக்கு. 1954-லும் மூன்றாவது இடமே. 1955-ல் வண்டி பாதியிலே நின்றது. பார்வையாளர் கூட்டத்தில் கார் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட கோரமான பந்தயம் அது.

அதே வருஷம் வரி இலாகாவும் கதவைத் தட்டியது. ஐந்து வருஷம் லாபமே காணாத தொழிலைத் தொழில் என்று கொள்வதற்கில்லை, அது பொழுதுபோக்கு என்பது அப்போதைய அமெரிக்கச் சட்டம். பொழுதுபோக்கின் நஷ்டத்துக்கு வரிச் சலுகை இல்லை. வெஸ்ட் பாம் பீச் தொழிற்சாலை மூடப்பட்டது.

மிஞ்சியவை

நிலத்தில் கிட்டாத வெற்றி நீரிலே கிட்டியது. 1958-ல் 'கொலம்பியா' என்ற படகைச் செலுத்தி, பிரிட்டிஷ் படகைத் தோற்கடித்து, உலகப் புகழ் பெற்ற அமெரிக்கக் கோப்பையை நாட்டுக்குக் காத்துக் கொடுத்தார் கன்னிங்ஹாம். பாயின் முன்னோரத்தை இறுக்க அவர் கண்டுபிடித்த கயிற்று உபாயத்துக்குப் படகோட்டிகள் இன்றும் 'கன்னிங்ஹாம்' என்றே பெயர் சொல்லுகிறார்கள்.

அவர் சேர்த்து வைத்திருந்த கார்களை 1986-ல் வாங்கியவர் யார் தெரியுமா? 'நாய்க்குட்டி'யை ஓட்டிய மைல்ஸ் காலியரின் புதல்வர்! தந்தையின் பெயரே அவருக்கும். அந்தக் கார்கள் இன்று புளோரிடாவில் நேப்பிள்ஸ் என்ற ஊரின் காட்சிசாலையில் இருக்கின்றன. 'மிருக'மும் அங்கேதான்.

கன்னிங்ஹாம் 2003-ல், 96-வது வயதில் காலமானார். ஜெயிப்பதற்காகச் செய்த கார்கள் லெ மானில் ஜெயிக்கவில்லை. விதிக்குக் கட்டுப்பட்டு, நஷ்டத்தோடு செய்த ஸி-3-ஐயோ, வைத்திருப்பவர்கள் பிள்ளையைப் போல் பேணுகிறார்கள். நாம் எதற்காகப் பாடுபடுகிறோமோ அதுவே பலனாகக் கிடைக்கவேண்டும் என்பதில்லை. வழியிலே கடமைக்காகச் செய்து வைத்த காரியம் ஒன்று நம் பெயரைச் சொல்லும். ஆனால் அதையும் அழகாகச் செய்திருக்க வேண்டும்!