தேடினால் கிடைக்காத தமிழ்



மைசூரில் நாங்கள் சிலர் சேர்ந்து ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தி வருகிறோம். சென்ற ஆண்டு ஒரு தாய் தம் எட்டு வயது மகளுடன் வந்தார். வகுப்பு நடக்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. "ஐயா, இரண்டு வருஷமாத் தேடறேன். மைசூர்ல தமிழ் வகுப்புன்னு போட்டுப் பார்த்தா ஒண்ணுமே வரலை. நேத்து காய்கறிக் கடையில ஒரு அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது" என்றார். அந்த இரண்டு வருடத்தில் குழந்தை வீட்டில்கூடத் தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொண்டு விட்டதாம்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனெனில் எங்கள் வகுப்புக்கு இணையதளம் இருக்கிறது. அதற்கு ஆண்டுதோறும் பணம் கட்டுபவனும் நானே.

நான் கணிப்பொறி வல்லுநன் அல்லன். அசோகபுரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டியில் பழுதென்றால் அடியில் புகுந்து பார்ப்பது எங்கள் வழக்கம். மென்பொருள் துறையில் இருக்கும் என் தங்கை மகனை உட்கார வைத்து, தளத்தின் அடியில் புகுந்து பார்த்தேன். கண்ட பிழைகள் பிறருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

கூகுள் போன்ற தேடுபொறி நம்மைப்போல் திரையைப் பார்ப்பதில்லை. அதன் நிரல் ஒவ்வோர் இணைப்பாகப் பின்தொடர்ந்து சென்று, பக்கத்தின் பின்னாலுள்ள குறிமுறையைப் படித்து, நூலக அட்டவணை போல ஒன்றைத் தயாரித்துக்கொள்கிறது. நாம் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்துதான் விடை வருகிறது. அட்டவணையில் ஏறாத பக்கம் இருந்தும் இல்லாததே.

முதற் பிழை, எழுத்துரு. எங்கள் பக்கங்கள் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அதில் 'தமிழ்' என்ற சொல் கணிப்பொறிக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே இருக்கிறது. எழுத்துரு என்ற சட்டையை மாட்டியதால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. தேடுபொறிக்கோ பொருளற்ற ஆங்கிலக் குவியல். 1990களில் தமிழ்த் தளங்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான். 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியாக்கங்களை ஏற்றது. அயலகத் தமிழர் பலர் டிஸ்கியைப் பயன்படுத்தினர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் பழைய எழுத்துருக்கள், டிஸ்கி என்று கடந்துதான் யூனிகோடுக்கு வந்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கான எண்கள் உலகெங்கும் ஒன்றே என்பதால் தேடல் கைகூடுகிறது.

இரண்டாவது, வகுப்பு நேரமும் முகவரியும் அழகிய படமாக இருந்தன. படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி படித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. எழுத்தை எழுத்தாகவே இட்டு, படத்துக்கு மாற்று உரையும் தர வேண்டும்.

மூன்றாவதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. தளம் தயாராகும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று, 'அட்டவணையில் சேர்க்காதே' எனப் பொருள்படும் 'நோஇண்டெக்ஸ்' என்ற கட்டளையை எழுதியிருந்தார்கள்; திறந்த பிறகு எடுக்க மறந்துவிட்டார்கள். கடையைத் திறந்துவிட்டு 'விடுமுறை' பலகையைக் கழற்றாத கதை!

நான்காவது, எல்லாப் பக்கங்களுக்கும் தலைப்பு 'முகப்பு' என்றே இருந்தது. 'மைசூரில் குழந்தைகளுக்கான தமிழ் வகுப்பு' என்று இருந்தாலல்லவா அது எதைப் பற்றியது என விளங்கும்? 2014 நவம்பர் 1 முதல் ஊரின் பெயர் அதிகாரபூர்வமாக மைசூரு. ஆயினும் மைசூர் என்று தேடுவோரும் உண்டு. ஆகவே இரண்டையும் பொருத்தமான இடங்களில் எழுதினோம்.

யூனிகோடுக்கு மாறிய பின்னும் கவனம் வேண்டும். 'ஔவையார்' என்பதில் முதலெழுத்து ஔ என்னும் ஓரெழுத்து. பலர் ஒ, ள என இரண்டாக அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணிப்பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் அடிப்பதும் இத்தகையதே.

உங்கள் தளத்தை நீங்களே சோதிக்கலாம். ஒரு வரியை நகலெடுத்து, கைப்பேசியில் குறுஞ்செய்தி எழுதும் இடத்தில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நலம். ஆங்கிலக் குழப்பம் வந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் பெரும்பாலும் அது படம். நோஇண்டெக்ஸ் இருக்கிறதா என்று தளம் செய்தவரிடம் கேளுங்கள்.

பிழைகளைத் திருத்தி, கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் வழியே பக்கங்களை மீண்டும் பார்வையிடுமாறு வேண்டினோம். சில வாரங்களில் எங்கள் வகுப்பு தேடலில் வரத் தொடங்கியது. முதலிடம் கிடைக்கும் என்று எவரும் உறுதி தர இயலாது. ஆனால் தேடுவோர் கண்ணில் படும் வாய்ப்பாவது உண்டு. இவ்வாண்டு இரண்டு குடும்பத்தார் தேடிக் கண்டுபிடித்தே வந்தார்கள்.

அந்தச் சிறுமி இப்போது தன் பெயரைத் தமிழில் எழுதுகிறாள். அவள் இழந்த இரண்டு ஆண்டுகளை என்னால் திருப்பித் தர இயலாது. வெளிமாநிலத்தில் தமிழ்ப் பணி செய்யும் அன்பர்கள் இன்றே தங்கள் தளத்தை ஒருமுறை திறந்து பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.