பாராட்டு போதாது, வேடம் வேண்டும்

கண் தெரியாத இசைக் கலைஞன், வாய் பேசாத தங்கை, தாங்குகட்டை ஊன்றி வரும் ஏழைத் தந்தை - இவர்களைத் திரையில் கண்டு கண்ணீர் சிந்தாதவர் நம்மில் யார்? ஆனால் அந்த வேடங்களில் நடிப்பவர்கள் யார் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

‘ராஜபார்வை’ (1981) படத்தில் பார்வையற்ற வயலின் கலைஞராகக் கமல்ஹாசனும், ‘மொழி’ (2007) படத்தில் காது கேளாத, வாய் பேசாத பெண்ணாக ஜோதிகாவும் நடித்தார்கள். அவர்களது திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பிறராக மாறிக் காட்டுவதே நடிப்புக்கலை அன்றோ? ஆனால் அந்தச் சலுகை ஒரு சாராருக்கு மட்டுமே உரியதாக இருக்கலாமா? கண்ணுள்ளவர் கண்ணற்றவராக நடிக்கலாம். கண்ணற்ற நடிகருக்கோ கண்ணற்றவரின் வேடமும் அரிது. வேறு வேடமும் அரிது. முன்பு ஊனமுற்றோர் என்றும் இன்று மாற்றுத்திறனாளிகள் என்றும் நாம் அழைக்கும் கலைஞர்களின் நிலை நெடுங்காலமாக இதுவே.

இரு பரிசு பெற்றவரின் கதை

அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பயிற்சி அளித்து வந்தவர் ஹெரால்டு ரசல். 1944 ஜூன் 6 அன்று, பயிற்சியின்போது வெடிமருந்து எதிர்பாராமல் வெடித்ததில் இரு கைகளையும் இழந்தார். கைகளுக்குப் பதிலாக இரும்புக் கொக்கிகளைப் பொருத்திக்கொண்டு, எழுதவும் உண்ணவும் பழகினார். அவரைப் பற்றி இராணுவம் எடுத்த ஒரு செய்திப்படத்தைக் கண்ட இயக்குநர் வில்லியம் வைலர், ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ (1946) என்னும் படத்தில், கைகளை இழந்து ஊர் திரும்பும் கடற்படை வீரனின் வேடத்தை அவருக்கு அளித்தார்.

1947-ல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருது ரசலுக்குக் கிடைத்தது. போரில் காயமுற்றவர்களுக்கு நம்பிக்கை ஊட்டியதற்காக, அதே வேடத்திற்கு மற்றுமோர் ஆஸ்காரும் தரப்பட்டது. ஒரே வேடத்திற்கு இரு ஆஸ்கார் பெற்றவர் உலகில் அவர் ஒருவரே.

இத்தகைய நடிகரின் வாசலில் தயாரிப்பாளர்கள் வரிசையில் நின்றிருப்பார்கள் என்று நாம் எண்ணுவோம். நடந்தது வேறு. கைகளற்ற நடிகனுக்குத் திரையுலகில் வேடங்கள் அதிகம் கிடையா. கல்லூரிக்குத் திரும்புங்கள் என்று வைலரே அவருக்கு அறிவுரை கூறினார். ரசலும் அவ்வாறே படித்துப் பட்டம் பெற்று, பிற்காலத்தில் மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புக்காக உழைத்தார். அவரது அடுத்த குறிப்பிடத்தக்க படம் ‘இன்சைடு மூவ்ஸ்’ வெளிவந்தது 1980-ல். இடையே கடந்தவை 34 ஆண்டுகள்! உலகம் அவரைப் பாராட்டியது, வேலை தரவில்லை.

கதவு திறந்த விதம்

பச்சிளங் குழந்தையாக இருந்தபோதே செவித்திறனை இழந்த மார்லி மாட்லின், ‘சில்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்’ (1986) படத்திற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்காரைப் பெற்றபோது அவருக்கு வயது 21. செவித்திறனற்ற மற்றொரு நடிகர் அத்தகைய விருதைப் பெற மேலும் 35 ஆண்டுகள் ஆயின. ‘கோடா’ (2021) படத்தில் தந்தையாக நடித்த டிராய் காட்சர் 2022-ல் அதைப் பெற்றார்.

‘கோடா’ ஒரு பிரெஞ்சுப் படத்தின் மறுஆக்கம். 2014-ல் வெளிவந்த அந்த மூலப்படத்தில், காது கேளாத பெற்றோராக நடித்த இருவரும் காது கேட்பவர்களே. மறுஆக்கத்திலோ தாய், தந்தை, மகன் ஆகிய மூவருமே உண்மையில் செவித்திறனற்ற நடிகர்கள். இயக்குநர் சியான் ஹெடர் தாமே சைகை மொழி கற்றார். படப்பிடிப்பில் மொழிபெயர்ப்பாளர்கள் உடனிருந்தனர். இந்த ஏற்பாடுகளால் படம் குன்றிவிடவில்லை; அவ்வாண்டின் சிறந்த படம் என்னும் ஆஸ்காரையே வென்றது. திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. இத்தகைய சிறு ஏற்பாடுகளைச் செய்ய மனமில்லாமையே தடை என்பது விளங்கவில்லையா?

நம் நாட்டிலும் மாற்றம் தொடங்கியுள்ளது. அறிவுத்திறன் குறைபாடுள்ளோரின் கூடைப்பந்துக் குழுவைப் பற்றிய ஸ்பானியப் படம் ‘காம்பியோனஸ்’ (2018). அதைத் தழுவி 2025-ல் வந்த இந்திப் படம் ‘சித்தாரே ஜமீன் பர்’. ‘கல்யாண சமையல் சாதம்’ எடுத்த ஆர்.எஸ். பிரசன்னா இயக்கிய இப்படத்தில், குழுவினராக அத்தகைய குறைபாடுள்ள பத்துப் பேரே நடித்தார்கள். மாற்றுத்திறனாளிகளை இழிவாகச் சித்திரிக்கலாகாது, அவர்களைக் கலந்தே படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில் நெறிமுறைகள் வகுத்தது.

குறை கதையாக வேண்டுமா?

எனினும் இன்னும் ஒரு படி உண்டு. மாற்றுத்திறனாளி நடிகர், தம் குறையைப் பற்றிய கதையில் மட்டுமே நடிக்க வேண்டுமா?

1981-ல் திருச்சிராப்பள்ளி அருகே நிகழ்ந்த பேருந்து விபத்தில் காயமுற்று, வலது காலை இழந்தவர் நடனக் கலைஞர் சுதா சந்திரன். ஜெய்ப்பூர் செயற்கைக் கால் பொருத்தி மீண்டும் மேடையேறி ஆடினார். அவரது வரலாறே ‘மயூரி’ (1985) என்னும் தெலுங்குப் படமாகி, அதில் அவரே நடித்தார்.

அவரது கதை அத்துடன் முடிந்திருந்தால் ரசலின் கதையைப் போலாகியிருக்கும். ஆனால் அவர் தொடர்ந்து நடித்தார். விஜய் தொலைக்காட்சியின் ‘தெய்வம் தந்த வீடு’ தொடரில் கண்டிப்பு மிக்க மாமியாராக நம் இல்லங்களுக்குள் வந்தபோது, நம் பெண்கள் அந்த மாமியாரைத் திட்டித் தீர்த்தார்கள். அவரது காலை எண்ணி யாரும் இரங்கவில்லை. ஒரு கலைஞருக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான மரியாதை இதுவே. இரக்கத்திற்குரியவராக அன்றி, மாமியாராக, வழக்கறிஞராக, வில்லனாக, அடுத்த வீட்டுக்காரராக வரும் உரிமையே சம வாய்ப்பு.

திரைப்படம் எடுப்பவர்கள் நாமல்லர் என்று ஒதுங்கிவிட வேண்டாம். பங்குத் திருவிழாவிலும் கிறிஸ்துமஸ் இரவிலும் நாடகம் போடுகிறவர்கள் நாம்தாமே? சக்கர நாற்காலியில் வரும் நம் பிள்ளைக்கு முன்வரிசையில் இடமளித்துவிட்டால் நம் கடமை தீர்ந்ததா? மேடைக்கு ஏற ஒரு சாய்வுப் பலகை போடுவோம். வேடமளிக்கும்போது முடக்குவாதமுற்றவரின் வேடத்தை அவன்மேல் சுமத்தாமல், மூன்று அரசருள் ஒருவனாக்குவோம், ஏரோதாகவும் ஆக்குவோம். சரியாக நடிக்காவிட்டால் மற்றப் பிள்ளைகளைத் திருத்துவது போலவே அவனையும் திருத்துவோம். நன்றாக நடித்தால் கைதட்டுவோம்; அடுத்த ஆண்டும் மறவாமல் அழைப்போம்.