நீல மாத்திரையின் வரவு-செலவுக் கணக்கு!

பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்த்திருப்பீர்கள். 'ஆண்மைக்குறைவா? கவலை வேண்டாம்!' என்று ஒரு போஸ்டர். கீழே லாட்ஜ் பெயர், ரூம் நம்பர், வைத்தியர் வருகிற தேதி. அதை நின்று படிக்கிற ஒரு ஆளைக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் அந்தத் தேதியில் லாட்ஜ் வராந்தாவில் கூட்டம் நிற்கும்! அத்தனை பேரும் நடந்துகொண்டே படித்திருக்கிறார்கள்.

கூச்சம்தான் காரணம். சரி, கூச்சத்தைக் கொஞ்சம் ஓரம் கட்டிவிட்டு, அந்த நீல மாத்திரை என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோமா?

இங்கிலாந்தில் சாண்ட்விச் என்று ஒரு ஊர். (நிஜமாகவே ஊர் பெயர் சார்!) அங்கே ஃபைசர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1989-ல் சில்டெனாஃபில் என்ற மருந்தைத் தயாரித்தார்கள். எதற்கு? நெஞ்சுவலிக்கு! தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது நெஞ்சுவலி விஷயத்தில் மருந்து சுமார்தான். ஆனால் சாப்பிட்டவர்களில் சிலர் தயங்கித் தயங்கி ஒரு 'பக்கவிளைவை'ச் சொன்னார்கள். அவ்வளவுதான், ஆராய்ச்சி ரூட் மாறிவிட்டது. 1998 மார்ச் 27-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. பெயர், வயாக்ரா.

விறைப்பு என்றால் தசை முறுக்கேறுவது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். நேர் எதிர்! உறுப்புக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களின் தசை தளர வேண்டும். அப்போதுதான் குழாய் விரிந்து ரத்தம் உள்ளே பாயும். பஞ்சு போன்ற திசு நிரம்பி உப்பி, ரத்தம் வெளியேறுகிற வழியை அதுவே அமுக்கி அடைத்துவிடும். இவ்வளவுதான் விஷயம்.

தசையைத் தளரச் சொல்வது யார்? பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். மனசில் ஆசை வந்ததும் நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடுகின்றன. (இந்த வாயு நம் உடம்பில் ரத்தக் குழாய்களுக்குச் சேதி சொல்லும் வேலை பார்க்கிறது என்று கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் அதே 1998-ல் நோபல் பரிசு!) அதனால் சி.ஜி.எம்.பி. என்ற பொருள் உற்பத்தியாகிறது. இது வரவு. தசையைத் தளர வைப்பது இதுதான். இன்னொரு பக்கம் பி.டி.இ.-5 என்ற என்சைம் அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. இது செலவு.

மாத்திரை செய்வது ஒன்றே ஒன்றுதான். செலவைக் கட்டுப்படுத்துகிறது.

கவனியுங்கள், வரவை அது உண்டாக்குவதில்லை. ஆசை இல்லாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. வரவே பூஜ்யம் என்றால் செலவை நிறுத்தி என்ன மிச்சம்?

வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். மூக்குப் பிடிக்க பிரியாணி சாப்பிட்டிருந்தால் இன்னும் லேட். தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு எல்லாம் வரலாம். சிலருக்குப் பார்வையில் நீலச் சாயல்கூடத் தட்டும். விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் பெருமைப்படாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனி விளையாட்டில்லாத விஷயம். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் சார்பிட்ரேட் ஒரு நைட்ரேட். அது நைட்ரிக் ஆக்ஸைடு வரவைக் கொட்டும். நம்ம மாத்திரையோ செலவை அடைத்து வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு முழுக்க ரத்தக் குழாய்கள் விரிந்து, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடும். உயிரே போகலாம். 'மூலிகை' என்று விற்ற சரக்குகளில் இதே சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை பிடித்திருக்கிறது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று சும்மாவா வைத்திருக்கிறார்கள்?

இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை. தூங்கி எழும்போது எல்லாம் சரியாக இருந்து, வேண்டிய நேரத்தில் மட்டும் கைவிட்டால் பெரும்பாலும் டென்ஷன்தான் வில்லன். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் குழாய்களை இறுக்கிவிடும். ஆனால் எப்போதுமே தகராறு என்றால் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். அந்த உறுப்பின் ரத்தக் குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துக் குழாய் மூன்று, நாலு. அடைப்பு முதலில் சின்னக் குழாயில்தான் தெரியும். இதயம் சில வருஷம் முன்பே அனுப்புகிற நோட்டீஸாகவும் அது இருக்கலாம். மாத்திரை போட்டு நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்!

மாத்திரை சாப்பிட்டவருக்கு நெஞ்சு வலித்தால், கேஷுவாலிட்டி டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். பக்கத்தில் மாமனாரே நின்றாலும் சரி. கூச்சம் ஒரு நிமிஷத்தில் போய்விடும் சார், உயிர் அப்படி இல்லை.