தகவல் துளி: கடைசி நாள் வெள்ளிக்கிழமையா?

குழுச் சுற்றுலாவில் முக்கியமான இடத்தைக் கடைசி நாளுக்கு ஒதுக்குவது வழக்கம். இத்தாலிப் பயணத்தில் அது பெரும்பாலும் வாடிகன் அருங்காட்சியகம். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அதற்கு விடுமுறை. மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை அங்கே வரைந்த கூரை ஓவியத்தை அன்று பார்க்க முடியாது.

கேரளப் பயணத்தைக் கொச்சியில் முடிப்பவர்களும் கிழமை பார்த்துத்தான் போக வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1555 வாக்கில் போர்த்துக்கீசியர் கட்டி, கொச்சி அரசருக்குக் கொடுத்தது இது. பின்னாளில் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் 'டச்சு அரண்மனை' ஆனது. பள்ளியறைச் சுவர்களில், தசரதரின் புத்திரகாமேஷ்டி யாகத்தில் தொடங்கி ராமாயணக் காட்சிகள் ஓடுகின்றன. கண்ணாரப் பார்க்க வேண்டியவை இவை.

பக்கத்திலேயே 1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஜெபாலயம். இதற்குச் சனிக்கிழமை விடுமுறை. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் தரையில், சீனாவில் கையால் தீட்டிய நீலவெள்ளை ஓடுகள்.

 

ஆக, மட்டாஞ்சேரிக்கு ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.